கழுத்தில் கட்டாத கார்க்

ஒயின் வியாபாரத்தில் அவனை எல்லோரும் மூக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்தில் அப்படியொன்றும் பெரிய மூக்கு இல்லை, சாதாரண மூக்குதான். ஆனால் ஒரு கிளாஸை அதன் கீழே கொண்டுபோனால் போதும், எந்தச் சரிவு, எந்த மண், மழை பெய்த வருடமா பொய்த்த வருடமா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவான் என்று பேர். பேர் வந்தால் தனியாகவா வரும்? கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. மாமனார் கடையில்தான் அவனுக்கு வேலை. "மாப்பிள்ளைக்கு நான் கொடுக்கற சம்பளம் மூக்குக்கு மட்டும்தான். மத்த உடம்பு இலவசம்" என்பார் மாமனார், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

கடைக்குள் நுழைந்தால் எதிரே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. பெரிய மலையின் ஒயின்கள் அதில் பூட்டுக்குள் படுத்திருக்கும். பெரிய மலை என்று சொன்னாலே விலை கேட்க வாய் வராது. மேலதிகாரிக்குப் பரிசு, சம்பந்தி வீட்டுக்கு மரியாதை என்று வருகிறவர்கள் அதை வாங்கிப் போவார்கள். பாதிப் பேர் திறக்காமலே வைத்து அழகு பார்ப்பார்கள். இடது பக்கச் சுவரில் கதவே இல்லாத மர அலமாரி ஒன்று இருந்தது. அது மூக்கன் வைத்தது. பேர் பெற்ற இடங்களுக்கு அடுத்தாற்போல், வேலி தாண்டியும் ஓடை தாண்டியும், அதே மண்ணில் அதே திராட்சையை வளர்த்தும் பேர் மட்டும் கிடைக்காமல் போன இடங்களின் சிவப்பு ஒயின்கள் அதில் நின்றன. மாமனார் அதற்குப் 'பக்கத்து வீட்டு அலமாரி' என்று பேர் வைத்தார். கேலிக்கு வைத்த பேர்தான். ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். "பக்கத்து வீட்ல புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

"கோடு போட்டது யாரோ ஒரு சர்வேயர். அந்தக் கோடு திராட்சைக்குத் தெரியுமா?" என்று மூக்கன் அவர்களிடம் கேட்பான். கோட்டுக்கு அந்தப் பக்கம் விளைந்தால் கொடுக்கிற காசில் பெரும்பகுதி பேருக்குப் போகிறது. இந்தப் பக்கம் விளைந்தால் ஒயினுக்கு மட்டும் கொடுத்தால் போதும். அதற்காகப் பக்கத்து வீடெல்லாம் நல்ல வீடு என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெயில் எந்தப் பக்கமாக விழுகிறது, வேரடியில் தண்ணீர் தேங்குகிறதா, வளர்க்கிறவர் பேராசைப்பட்டுக் கொடி தாங்காத அளவுக்குக் குலை விடுகிறாரா என்றெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காகச் செருப்புத் தேய அலைந்தவன் அவன். அந்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

அப்படி அலைந்தபோதுதான் அக்கரை அக்கா கிடைத்தாள்.

பெரிய மலையின் அடிவாரத்தில் ஓர் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் கல்லும் களிமண்ணும் கலந்த ஒரு சரிவு. மலைக்குக் காலை வெயில், சரிவுக்கு மாலை வெயில். மற்றபடி மண்ணும் ஒன்று, கொடியும் ஒன்று. புருஷன் போன பிறகு அக்கா தனி ஆளாக அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டாள். கொடி வெட்டுவது, குலை களைவது, நொதிக்க விடுவது, பீப்பாய் கழுவுவது எல்லாம் அவள்தான். மூக்கனைவிடப் பத்து வயது பெரியவள், வாய்த்துடுக்கும் அதே அளவுக்குப் பெரியது. "அவங்க ஜன்னலைத் திறந்தா எங்க சரிவுதான் தெரியும். எங்க ஜன்னலைத் திறந்தா அவங்க மலை தெரியும். நல்ல காட்சி எங்களுக்குத்தான்னு சொல்லிக்கறது, வேற என்ன பண்ண?" என்று முதல் நாளே சொன்னாள். பீப்பாயிலிருந்து ஒரு வாய் எடுத்துக் கொடுத்தாள். மூக்கன் அதைத் துப்ப மனம் வராமல் விழுங்கினான். ருசி பார்த்ததும் துப்பிவிட வேண்டிய தொழிலில் அது மாபெரும் குற்றம்.

சரிவில் பாதிப் பங்கு அவள் கொழுந்தனுக்கு. அவனுக்குத் திராட்சை என்றால் எட்டிக்காய். கல் உடைக்கிற கம்பெனி ஒன்று சரிவை அப்படியே கேட்கிறது, கொடுத்துவிடலாம் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். அக்காவின் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. அவளும் பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு நாள் சண்டை முற்றி, "இந்த அறுவடையை மொத்தமா ஒரு பெரிய இடம் எடுத்துக்கிட்டா நீ வாயைத் திறக்கக் கூடாது. எடுக்கலைன்னா நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதைப் போனில் மூக்கனிடம் சொன்னபோது மட்டும் குரல் லேசாகக் கம்மியது.

மூக்கன் பெரிய இடத்தைப் பிடித்துவிட்டான். ஊர் ஊருக்குக் கிளை உள்ள ஓட்டல் அது, கடையில் அவ்வப்போது வாங்குகிற இடம். தினசரி விருந்தினர்களுக்கு ஊற்ற, விலை கடிக்காத ஒரு சிவப்பு ஒயின் அவர்களுக்கு வேண்டும். கொள்முதல் பார்க்கிறவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க அக்கரைச் சரக்கையும் பெரிய மலைச் சரக்கையும் ஒரே மேஜைல வைங்க. கிட்ட வந்தாப் போதும், மொத்தமா எடுத்துக்கறேன். மூடி மறைச்சு யாரு எதுன்னு கண்டுபிடிக்கிற விளையாட்டுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. லேபிள் என் பக்கம் பார்த்து இருக்கட்டும்."

ருசி பார்க்கும் நாள் வந்தது. இளம் சிவப்பு ஒயினை அப்படியே திறந்து ஊற்றினால் அது முறைத்துக்கொண்டு நிற்கும், வாசனை காட்டாது. அதனால் ஒரு வழக்கம் உண்டு. பாட்டிலைத் திறந்து ஒயினைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடுவார்கள். காலி பாட்டிலை அலசி வண்டலைப் போக்கிக் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு குடுவையில் உள்ளதை அதே பாட்டிலில் திருப்பி ஊற்றி எடுத்துப் போவார்கள். அந்த 'அதே'யில் தவறு வரக் கூடாது என்பதற்காக, அந்தந்த பாட்டிலின் கார்க்கை அந்தந்தக் குடுவையின் கழுத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுவது முறை. மாமனார் அதில் ரொம்பக் கறார்.

அன்று காலை மூக்கன் இரண்டு பாட்டிலையும் திறந்தான். இரண்டும் ஒரே வருடத்து ஒயின், ஒரே மாதிரி கருத்த பாட்டில். திறந்ததும் அக்காவின் ஒயினில் ஒரு வாய் பார்த்தான். இடித்த மிளகு, மழை பட்ட கல், முடிவில் ஒரு இழை கசப்பு. சந்தோஷத்தில் அவனுக்கு விசிலே வந்துவிட்டது. குடுவைகளில் ஊற்றிவிட்டு ரப்பர் வளையத்தைத் தேடினான். டப்பாவில் கிடந்த ஒன்றை இழுத்ததும் அது பட்டென்று அறுந்து விரலில் சுண்டியது.

"உள் ரூம்ல புதுப் பாக்கெட் இருக்கு, எடுத்துக் கட்டுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

"இதுக்கு எதுக்கு மாமா ரப்பர்? மூக்கு இருக்கே!" என்று சொல்லி இரண்டு கார்க்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பாட்டில்களை அலசிக் கவிழ்த்து வைத்தபோது போன் அடித்தது. அக்காதான். "கிளம்பிட்டியா?" "இல்லக்கா, காத்தாட விட்டிருக்கேன்." "என்ன சட்டை போட்டிருக்க?" "சட்டைக்கும் ஒயினுக்கும் என்னக்கா சம்பந்தம்?" "வெள்ளை போடாத, தெறிச்சா அசிங்கமாயிடும்." இப்படியே பேச்சு வளர்ந்தது. ஒரு கையில் போன் இருக்க, இன்னொரு கையால் மேஜையைத் துடைத்தான். துடைப்பதற்காகக் குடுவைகளைத் தள்ளினான், பிறகு திரும்ப இழுத்து வைத்தான். கவிழ்ந்திருந்த பாட்டில்களில் லேபிள் தலைகீழாக இருந்தது. போனை வைத்ததும் புனலைச் செருகி ஊற்றி முடித்தான். முகர்ந்து பார்க்கவில்லை. திறந்ததுமேதான் பார்த்தாயிற்றே!

ஓட்டலின் கீழ்த்தளத்தில் அந்த அறை. நீள மேஜை, வெள்ளைத் துணி, மஞ்சள் விளக்கு. கொள்முதல்காரரும் அவருடைய உதவியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பெரிய மலை லேபிள் உள்ள பாட்டிலை ஊற்றினான். கொள்முதல்காரர் ஒரு வாய் எடுத்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். மேஜையே அமைதியாகிவிட்டது. கண்ணைத் திறந்து, "பேரு சும்மா வரல இல்ல?" என்றார். உதவியாளர்கள் மாறி மாறித் தலையாட்டினார்கள். மூக்கனும் முகர்ந்தான். "இடித்த மிளகு" என்று அவன் வாயாலேயே சொன்னான். சொல்லும்போது எங்கோ ஒரு நெருடல் இருந்தது. மண் ஒன்றுதானே, வராமல் என்ன செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்து அக்கரை லேபிள். மூக்கனும் ஒரு வாய் எடுத்தான். மர வாடை முன்னால் வந்து நின்றது. பழம் பின்னால் எங்கேயோ ஒளிந்துகொண்டது. துப்பியதும் ஒன்றுமில்லை. காலையில் நன்றாக இருந்ததே, வண்டியில் குலுங்கியதில் கெட்டுவிட்டதா? இல்லை, அக்காவின் மேல் உள்ள பாசத்தில் இத்தனை நாள் தன் மூக்குதான் தன்னை ஏமாற்றியதா? லேபிளைப் பார்த்த கண் மூக்குக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. 'கோடு திராட்சைக்குத் தெரியுமா' என்று ஊரையெல்லாம் கேட்ட ஆள், அந்த மேஜையில் கோட்டைத்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

கொள்முதல்காரர் கிளாஸை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "உங்க மூக்கு பொய் சொல்லாதுன்னு சொல்றாங்க. நீங்களே சொல்லுங்க சார், கிட்ட வருதா?"

தன் சரக்குக்காகச் சப்பைக்கட்டு கட்டுகிறவன் என்று பேர் எடுக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. "இல்ல சார். பெரிய மலைன்னா பெரிய மலைதான். இது சுமார்" என்றான். அவர் அந்த நேர்மையைப் பாராட்டிக் கை கொடுத்தார்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தான்.

"குரலே சொல்லுது. இருந்தாலும் வாயால சொல்லு" என்றாள்.

"இந்தத் தடவை அமையலக்கா."

"அவரு சொன்னதை விடு. நீ என்ன சொல்ற?"

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துத்தானா நேர்மை பொத்துக்கொண்டு வரவேண்டும்? "சுமார்தான்க்கா. ஆழம் கம்மி, வாயில நிக்கல" என்றான்.

அவள் பக்கத்தில் பீப்பாய் உருளுகிற சத்தம் கேட்டு நின்றது. "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ருசி பார்க்க அக்கா கொடுத்திருந்ததில் பாட்டில் ஒன்று மிச்சமிருந்தது. அதைத் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், மற்ற பாட்டில்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தான். இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கடையில் ஈ காக்கை இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று பார்த்துவிடலாம் என்று எடுத்துத் திறந்தான். கிளாஸில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனான்.

இடித்த மிளகு. மழை பட்ட கல்.

கிளாஸை வைத்துவிட்டுப் போய், கண்ணாடி அலமாரியின் பூட்டைத் திறந்து, அதே வருடத்துப் பெரிய மலை பாட்டிலை எடுத்தான். "ஐயோ, அதை எதுக்குத் திறக்கறீங்க மாப்பிள்ளை!" என்று மாமனார் பதறி எழுந்து வருவதற்குள் திறந்துவிட்டான். மர வாடை முன்னால் வந்தது. பழம் பின்னால் ஒளிந்துகொண்டது. துப்பியதும் ஒன்றுமில்லை. அன்று மேஜையில் அவன் சுமார் என்று சொன்னது இதைத்தான்.

"மாத்தி ஊத்திட்டேன் மாமா" என்றான். மாமனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மாமனார் கேட்டது ஒன்றுதான். "இதை ஓட்டல்ல சொல்லப் போறீங்களா? சொன்னா அவரு என்ன நினைப்பாருன்னு யோசிச்சீங்களா?" யோசிக்காமல் இல்லை. இருந்தாலும் போன் செய்தான். கொள்முதல்காரர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப நான் கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சது அக்கரைச் சரக்கா?"

"ஆமா சார். இன்னொரு தடவை வைக்கலாம் சார், எப்ப வேணா..."

"இன்னொரு தடவை வச்சா, பாட்டில்ல இருக்கறது லேபிள்ல இருக்கறதுதான்னு நான் எதை வச்சு சார் நம்பறது? வேற இடத்துல பேசி முடிச்சாச்சு. இதை வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல." போனை வைத்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து அந்த ஓட்டல் கடையில் எதுவுமே வாங்கவில்லை. மாமனார் அதையும் மென்று முழுங்கிக்கொண்டார்.

ஓட்டலுக்குப் போன் செய்த மறுநாள், மழை விட்டதும் மூக்கன் வண்டியை எடுத்தான். கையெழுத்துப் போட்டிருப்பாளோ, இன்னும் இழுத்துக்கொண்டிருப்பாளோ என்று வழியெல்லாம் மாற்றி மாற்றி நினைத்தான். போன் செய்து கேட்கத் தைரியம் வரவில்லை. பாலம் தாண்டித் திரும்பியதும் அது தேவையில்லாமல் போயிற்று. சரிவின் மேல்பாதி வெறும் மண்ணாகக் கிடந்தது. பிடுங்கிய கொடிகளை வேர் மேலே தெரியக் குவித்திருந்தார்கள். கீழ்க்கோடியில் சில வரிசைகள் மட்டும் நின்றன. அவற்றுக்கு முன்னால் புல்டோசர் ஒன்று நிறுத்தியிருக்க, அதன் நிழலில் டிரைவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

அக்கா கவிழ்த்த கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். "வா, வா. நல்ல வேளைக்கு வந்த. இன்னிக்குச் சாயங்காலம் வந்திருந்தா பார்க்க ஒண்ணும் இருந்திருக்காது."

அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நான்தானே அழணும், நானே அழல" என்றாள். "உனக்கு ஒரு விதத்துல நன்றிதான் சொல்லணும். இத்தனை வருஷம், நல்ல ஒயின்தான், உலகத்துக்குத்தான் தெரியலன்னு நினைச்சு நெஞ்சு வெந்துக்கிட்டிருந்தேன். நீ சுமார்னு சொன்ன பாரு, அன்னிக்கு அது நின்னுடுச்சு. சுமார் ஒயினுக்காக யாராவது மனசை உடைச்சுக்குவாங்களா? அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

மூக்கன் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. சொல்லாமல் எழுந்து போய்விட்டால் இவள் இனிமேலும் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் தன் கையால் செய்தது சுமார்தான் என்று சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். அதுவும் அவன் வாய் சொன்ன சொல்லை நம்பி. அந்த நினைப்பை அவனால் தாங்க முடியவில்லை. அவனைக் கேட்டால் அவளுக்காகத்தான் சொன்னேன் என்பான். தனக்காகவும்தான்.

"அக்கா, அது சுமார் இல்ல. நான் மாத்தி ஊத்திட்டேன்."

குடுவை, ரப்பர் வளையம், மேஜை துடைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். மாற்றி வைத்த நேரத்தில் போனில் இருந்தது அவள்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டான். அது ஒன்றாவது அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும். அக்கா பாதத்தில் ஒட்டிய களிமண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப பெரிய மலைன்னு நினைச்சு அவங்க குடிச்சது..."

"உங்களுதுக்கா."

"நீயும்?"

"நானும்தான்."

"குடிச்சிட்டு என்ன சொன்ன?"

"பெரிய மலைன்னா பெரிய மலைதான்னு சொன்னேன்."

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது, பிறகு அது சிரிப்பாக இல்லை. எதிரே ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய மலை, கொடிகள் வரிசை வரிசையாக, மழையில் கழுவிவிட்ட மாதிரி நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த தன் கடைசி வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தச் சொல்லலாமாக்கா? மிச்சம் இருக்கறதையாவது..."

"பத்திரம் பதிஞ்சாச்சுடா. இப்ப இது கம்பெனி நிலம். நான் உட்கார்ந்திருக்கிற இந்த இடமே அவங்களோடதுதான்." குச்சியைத் தூக்கிப் போட்டாள். "அந்த ஓட்டல்காரர் குடிச்சிட்டு என்ன பண்ணாரு?"

"கண்ணை மூடிக்கிட்டாருக்கா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. மேஜையே அமைதியாயிடுச்சு. கண்ணைத் திறந்துட்டு, பேரு சும்மா வரல இல்லன்னு கேட்டாரு."

டிரைவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, பாத்திரத்தை மூடி இருக்கைக்குப் பின்னால் வைத்தார். ஏறி உட்கார்ந்து இவர்களைப் பார்த்து, தள்ளி உட்காருங்கள் என்று கை காட்டினார். இரண்டு பேரும் எழுந்து வேலி ஓரமாகப் போய் நின்றார்கள். புல்டோசர் இருமிக் கிளம்பியது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் அக்கா.

"கண்ணை மூடிக்கிட்டாருக்கா."

முதல் கொடி வேரோடு வெளியே வந்தது. அக்கா காதருகே கையைக் குவித்துக்கொண்டு, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை.

அவன் இன்னும் சத்தமாகக் கத்தினான்.